மலையகத்துச் சபையில் வாலிபர் ஆராதனைக் குழு: சேர வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

சாதாரண தரப் (சா.த.) பரீட்சை முடிந்த கையோடு புதிதாகச் சில பிள்ளைகள் குழுவில் சேர வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். சில கேள்விகளைப் பிள்ளைகளைவிட அம்மா அப்பாமார்தான் அதிகம் கேட்கிறார்கள். எங்களுடையது இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்து டவுன் சபை. பாதிப் பேர் டவுனில் இருந்தும் மீதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களில் இருந்தும் வருகிறோம். கீழே உள்ள பதில்கள் அந்த இடத்தில் நின்று எழுதியவை. உங்கள் சபையின் ஒழுங்கு வேறாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

குழுவில் சேர என்ன தகுதி வேண்டும்?

ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வருகிறவராக இருக்க வேண்டும். மற்ற நாள் காணக் கிடைக்காமல், பாடுகிற முறை வரும்போது மட்டும் வருவது சரிப்படாது. ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டுமா, திடப்படுத்தல் முடிந்திருக்க வேண்டுமா என்பதில் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளுக்குள் வித்தியாசம் இருக்கிறது. அதை உங்கள் போதகரிடமோ ஃபாதரிடமோ கேளுங்கள்.

எங்களிடம் புதிதாக வருகிறவர் ஒரு பள்ளித் தவணைக் காலம் மைக் இல்லாமல் இருப்பார். பயிற்சிக்கு வருவார், வயர் சுற்றுவார், ஸ்டாண்ட் தூக்குவார், ஓரத்தில் நின்று பாடுவார். சிலருக்கு இது கோபம் வரும். “நான் ஸ்கூலில் தமிழ்த்தினப் போட்டியில் முதலிடம்” என்று சொன்னவர்களும் உண்டு. நல்லதுதான், ஆனால் போட்டியில் உங்களைக் கேட்கத்தான் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே அவர்கள் பாட வேண்டும், நீங்கள் அதற்கு உதவ வேண்டும். அந்த வித்தியாசம் பிடிபட கொஞ்சக் காலம் எடுக்கும்.

எனக்குக் குரல் அவ்வளவு நல்லா இல்லை. வரலாமா?

வாங்க. பாட்டு வரிகளைத் திரையில் போட ஆள் வேண்டும், மிக்ஸரில் உட்கார ஆள் வேண்டும். இந்த இரண்டுக்கும் எப்போதுமே ஆள் குறைவு.

பயிற்சி எப்போது? வீடு தூரம், பஸ் இல்லை.

எங்களுக்கு ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகுதான். வீட்டிலிருந்து சோறு கட்டி வருவோம், சாப்பிட்டுவிட்டுத் தொடங்குவோம். சனிக்கிழமை மாலை என்றால் டவுன் பிள்ளைகளுக்குத்தான் வசதி. தோட்டத்தில் அன்றைக்கும் வேலை இருக்கும். இறங்கி வந்து குளித்துக் கிளம்புவதற்குள் பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் திரும்பிப் போகிற பஸ் முடிந்துவிடும். பயிற்சி முடியும் நேரத்தை முடிவு செய்வது ஆகத் தூரத்தில் இருக்கிற தங்கச்சியின் பஸ்தான். பாட்டு பாதியில் நின்றாலும் பரவாயில்லை. ரோட்டில் இறங்கி லயம் (தோட்டத்து வரிசை வீடு) வரைக்கும் தேயிலைக்குள் நடக்க வேண்டிய பிள்ளையை இருட்டில் அனுப்பக் கூடாது.

இன்னொன்று, கொழுந்து அதிகமான காலத்தில் சிலர் ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு (கையில் காசு தருகிற கொழுந்து வேலைக்கு) போவார்கள். அன்றைக்கு வராததை வைத்து அவர்களுடைய விசுவாசத்தை யாரும் அளக்க வேண்டாம். அந்தக் காசில்தான் வீட்டில் ஒருவருடைய டியூஷன் கட்டணம் இருக்கும்.

மழைக்காலத்தில் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிற மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனமாக இருக்க வேண்டும், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும், சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். உங்கள் பகுதிக்கு செம்மஞ்சள் வந்தாலே அந்த வாரம் பயிற்சி இல்லை. யாரும் போன் பண்ணி அனுமதி கேட்கத் தேவையில்லை. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

யார் எந்த வாரம் பாடுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அட்டவணை போட்டுத்தான். 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆசாப், ஏமான், எதுத்தூன் என்பவர்களுக்குக் கீழே பயிற்சி பெற்ற பாடகர்கள் 288 பேர். அவர்களை 12 பேர் கொண்ட 24 முறைகளாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வரிசை சீட்டுப் போட்டு விழுந்தது. பெரியவன், சின்னவன், ஆசான், மாணாக்கன் என்று பார்க்கவில்லை. இவ்வளவு பழைய பிரச்சினைக்கு இவ்வளவு நேரான தீர்வு இருக்கும்போது, நாம் ஏன் ஒவ்வொரு மாதமும் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும்?

எங்களிடம் 24 முறைக்கு ஆள் இல்லை, இரண்டு முறைதான். ஒவ்வொரு முறையிலும் பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவரும் கட்டாயம் இருப்பார்கள். நன்றாகப் பாடுகிறவர்களை எல்லாம் ஒரே பக்கம் போட்டால் அந்த வாரம் கச்சேரி, அடுத்த வாரம் பரிதாபம். கிறிஸ்மஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை போன்ற நாட்களுக்கும் அட்டவணையில் யார் இருக்கிறார்களோ அவர்களே. அன்றைக்கு மட்டும் ‘நல்ல டீம்’ என்று ஒன்றைத் தனியாகப் பொறுக்கினால் மற்றவர்கள் தாங்கள் யார் என்று புரிந்துகொள்வார்கள். பிறகு எவ்வளவு சமாதானம் சொன்னாலும் எடுபடாது.

பாட்டை எந்த ஸ்கேலில் வாசிப்பது? யூடியூபில் உள்ளபடியே எடுக்கலாமா?

பெரும்பாலும் எடுக்கக் கூடாது. நான் அதிகம் பிடிவாதம் பிடிக்கிற விஷயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

யூடியூபில் பாடுகிறவர் தன்னுடைய குரலுக்கு எங்கே எடுப்பாக இருக்குமோ அங்கே ஸ்கேலை வைத்திருப்பார். நம்முடைய சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் வேறு ஆட்கள். காலை குளிரில் தொண்டை இன்னும் திறந்திருக்காது. வாரம் முழுக்க மலை ஏறி இறங்கிய அம்மாமார், மூச்சு வாங்குகிற தாத்தாமார், குரல் உடைகிற வயதுப் பையன்கள் எல்லாரும் இருப்பார்கள். பயிற்சி இல்லாத பெண் குரலுக்குப் பொதுவாக வசதியான இடம் நடு சி-க்குக் கீழே உள்ள ஏ-யில் இருந்து, நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை அடுத்த டி வரைக்கும்தான். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். பாட்டின் உச்சி வரி அந்த டி-யைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் ஸ்கேலை இறக்குங்கள். இறக்கினால் சரணத்தின் கீழ் வரிகள் காணாமல் போகின்றனவா? அப்படியானால் அந்தப் பாட்டு தனியாகப் பாடுவதற்குத்தான் நல்லது. சபைப் பாட்டாக எடுக்க வேண்டாம்.

சோதித்துப் பார்க்க லேசான வழி உண்டு. பயிற்சியில் பாடகர் அல்லாத இருவரை, ஒரு அண்ணாவையும் ஒரு அக்காவையும், உட்கார வைத்து உச்சி வரியை மட்டும் பாடச் சொல்லுங்கள். கழுத்து நரம்பு தெரிந்தால் இன்னும் ஒன்றோ இரண்டோ படி கீழே.

பாடகர்கள் முறைப்பாடு செய்வார்கள். “அந்த ஸ்கேலில் என் குரல் எடுபடாது அண்ணா” என்பார்கள். எடுபடாவிட்டால் பரவாயில்லை. ஞாயிறு அன்று கடைசிப் பல்லவியில் வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சபையின் சத்தம் மட்டும் மண்டபத்தில் நின்றால் ஸ்கேல் சரி. மேடையில் இருக்கிற நாலு குரல் மட்டும் கேட்டால், எவ்வளவு அழகாகப் பாடியிருந்தாலும் அடுத்த முறை மாற்ற வேண்டும். குழு செய்கிற மற்ற எல்லா வேலைக்கும் நாங்கள் வைத்திருக்கிற அளவுகோலும் இதுதான்.

கீபோர்ட் வாசிக்கிறவர்கள் ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் கிட்டார்காரனுக்கு வாயைத் திறந்து சொல்லுங்கள். பாட்டு முடிந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மறந்துபோய் அடுத்த பாட்டை ஆரம்பிக்கும்போது வருகிற சத்தத்தைக் கேட்ட யாருக்கும் இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்காது.

கீபோர்டில் ரிதம் ஸ்டைல் போட்டு வாசிக்கலாமா?

ட்ரம்ஸ் வாசிக்க ஆள் இல்லாவிட்டால் போடுங்கள். ஆனால் மெஷின் காத்திருக்காது. சபை மூச்சு எடுக்க நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். மெதுவான பாட்டுகளுக்கு ஸ்டைலை அணைத்துவிட்டு வெறும் கார்டுகளைப் பிடித்தாலே போதும்.

எப்போது பார்த்தாலும் பழைய கீர்த்தனைதானா? புதுப் பாட்டு பாட விடமாட்டார்களா?

விடுவார்கள், அளவாக. எங்கள் வழக்கம் மாதத்துக்கு ஒரு புதுப் பாட்டு. அதையே அடுத்தடுத்த வாரங்களும் பாடுவோம். ஒரே ஞாயிறில் மூன்று புதுப் பாட்டு போட்டால் நீங்கள் பாடுவதைச் சபை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான்.

கீர்த்தனைகளை லேசாக எடைபோட வேண்டாம். மலைநாட்டுத் தோட்டத் தமிழர்களுக்கான அங்கிலிக்கன் மிஷன் 1854இல் தொடங்கியது. அப்போது இங்கே தேயிலை இன்னும் தோட்டப் பயிராகவில்லை, காப்பிக் காலம். அத்தனை தலைமுறையாகத் தமிழில் பாடி வந்த சபைகள் இவை. எழுத வாசிக்கத் தெரியாத பாட்டிமார்கூட எல்லாச் சரணத்தையும் புத்தகம் பார்க்காமல் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாமோ திரை அணைந்தால் இரண்டாவது வரியில் நிற்போம்.

வாசிக்கும்போது கவனிக்க வேண்டியது தாளம். எல்லாக் கீர்த்தனைக்கும் ஒரே நாலு அடி பீட்டைப் போடாதீர்கள். ஆதி தாளத்தில் உள்ளதற்கு அது பொருந்தும். மூன்று மூன்றாக நடக்கிற பாட்டில் அதைத் திணித்தால் சொற்கள் உடையும். முதலில் கை தட்டிப் பாடிப் பாருங்கள், பிறகு ட்ரம்ஸ் குச்சியை எடுங்கள். பாமாலை, ஞானப்பாட்டு வகை வேறு. அவற்றில் நிறையப் பாட்டுகள் ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளின் மொழிபெயர்ப்பு, மெட்டும் அங்கிருந்து வந்தது. அவற்றுக்குக் கார்டு பிடிப்பது சுலபம். வேகத்தைக் கூட்டாமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆராதனையில் தப்பு (பறை) அடிக்கலாமா?

இதைக் கேட்கிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஏன் என்று நமக்குத் தெரியும். தோட்டத்தில் தப்பு சாவுக்கும் அடிக்கிறது, திருவிழாவுக்கும் அடிக்கிறது, காமன் கூத்துக்கும் அடிக்கிறது. ஒருகாலத்தில் விடியக்காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் சேர்க்கிற இடத்துக்கு) ஆள் கூட்டவும் தப்புத்தான். யார் அதை அடிப்பது என்பதில் சாதி இருந்தது. ‘அது நம்ம வேலை இல்லை’ என்று சிலரும், ‘அதை மறக்கத்தானே சபைக்கு வந்தோம்’ என்று வேறு சிலரும் நினைக்கிறார்கள். இரண்டாவது வலி உண்மையானது. இளைஞர்கள் நாம் ஆசைப்பட்டோம் என்பதற்காக அதை மிதித்துக்கொண்டு போகக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், அடிக்கலாம், அடிக்க வேண்டும். சங்கீதம் 150இல் தம்புரு இருக்கிறது, ஓசையுள்ள கைத்தாளமும் பேரோசையுள்ள கைத்தாளமும் இருக்கிறது. ஆகாத வாத்தியம் என்று ஒன்றையும் அங்கே தள்ளி வைக்கவில்லை. மேற்கத்திய ட்ரம்ஸும் பிறக்கும்போதே ஆலயத்துக்குள் இருந்ததில்லை. ஆனால் செய்கிற முறை முக்கியம். முதலில் போதகரிடமும் மூத்தவர்களிடமும் பேசுங்கள். ஏற்கெனவே அடிக்கத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளையையே “நீதான் அடி” என்று தள்ளிவிடாதீர்கள். டவுன் பிள்ளைகளும் கற்றுக்கொண்டு முறை போட்டு அடிக்கட்டும். கற்றுக்கொடுக்கிற பெரியவரை ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுங்கள், கீபோர்ட் சொல்லிக்கொடுக்கிறவரைக் கூப்பிடுவது போலவே.

வேலைக்கான விஷயம் ஒன்று: நம்முடைய ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். ஆராதனைக்கு முன்னால் வெளியே சின்னதாகத் தீ மூட்டிக் காய்ச்சி எடுக்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். மண்டபத்துக்குள் தப்பு மிகவும் சத்தம், மைக் தேவையே இல்லை.

சிங்களம் பேசுகிறவர்களும் சபையில் இருக்கிறார்கள். பாட்டை எப்படிப் போடுவது?

நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி பக்கம் இது சாதாரணம். எங்கள் பக்கமும் கலந்துதான் இருக்கிறோம். ஒரே மெட்டில் இரண்டு மொழியிலும் இருக்கிற பாட்டு என்றால் ஒரு சரணம் தமிழ், ஒரு சரணம் சிங்களம். இல்லாவிட்டால் தமிழ் வரிக்குக் கீழே அதன் உச்சரிப்பைச் சிங்கள எழுத்தில் போடுங்கள். சிங்களப் பாட்டுக்குத் தமிழ் எழுத்தில் போடுங்கள். நாமாக உட்கார்ந்து மொழிபெயர்த்துப் பாடுவதைவிட இது நல்லது. அவசர மொழிபெயர்ப்பு மெட்டுக்குள் உட்காராது. உச்சரிப்பைத் தாய்மொழிக்காரர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் திரையில் போடுங்கள்.

திரையில் தமிழ் எழுத்துக்குப் பதில் கண்டபடி ஆங்கில எழுத்து வருகிறது. ஏன்?

பழைய பாட்டுக் கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கும். பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே வந்துவிடும். தற்காலிகமாகச் சமாளிக்க பாமினியை நிறுவலாம். ஒரேயடியாகத் தீர, எல்லாப் பாட்டையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இலவச மாற்றிகள் இணையத்தில் இருக்கின்றன. மாற்றியபின் கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒரு முறை வாசித்துப் பார்க்க வேண்டும்.

திரை போடுகிறவர் அடுத்த பக்கத்தை, இருக்கிற பக்கத்தின் கடைசிச் சொல்லைப் பாடும்போதே மாற்ற வேண்டும். பாடி முடித்த பிறகு மாற்றினால் சபை ஒரு சொல் பிந்தும். ஒரு பக்கத்துக்கு நாலு வரிக்கு மேல் வேண்டாம்.

கிட்டார் எப்போதும் சுருதி விலகுகிறது. கிட்டார்தான் பழுதா?

பல நேரம் பழுது கிட்டாரில் இல்லை. கிட்டார் மரத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் பக்கம் 80ஐ லேசாகத் தாண்டும். மரம் ஈரம் குடித்து ஊதும், கம்பி பலகையில் இருந்து உயர்ந்து நிற்கும், விரல் வலிக்கும். கிட்டாரை உறைக்குள் வையுங்கள். சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போடுங்கள். வாசித்து முடித்ததும் கம்பிகளைத் துணியால் துடையுங்கள், துரு பிடிப்பது குறையும். ஈரம் போகட்டும் என்று அடுப்புக்கு மேலே மாட்டி வைக்கவே கூடாது. ஒட்டு விட்டுப்போய் கழுத்து வளைந்துவிடும்.

சுருதி விலகுவதற்குக் குளிரும் காரணம். குளிர்ந்த கம்பி இறுகி சுருதி ஏறும். ஆட்கள் நிறைந்து மண்டபம் சூடானதும் தளர்ந்து இறங்கும். ஆலயம் திறந்ததும் கிட்டாரை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஆராதனை தொடங்கக் கொஞ்சம் முன்னால் சுருதி சேருங்கள். முதல் இரண்டு பாட்டு முடிந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.

மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டால் சரியாகுமா?

சரியாகாது. அந்த மைக்கை வைத்துவிட்டு, மெயினை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். விளையாட்டு விஷயம் இல்லை இது, நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட்.

கிட்டார் கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கைத் தொடும்போது சுரீர் என்கிறது என்றால் எங்கோ எர்த் இல்லை. பழைய ஆலயக் கட்டடங்களில் இது வழக்கம். மூன்று முள் ப்ளக்கை இரண்டு முள் துளைக்குள் எப்படியாவது திணிப்பது, எர்த் முள்ளை உடைப்பது, வயரை நேராகச் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கிட்டார் ஆம்ப், கீபோர்ட், மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே பிளக் பேஸில் இருந்து மின்சாரம் எடுங்கள். தேர்ந்த எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தையும் ட்ரிப் ஸ்விட்சையும் சோதித்துப் பாருங்கள். ட்ரிப் ஸ்விட்ச் 30 மில்லி ஆம்பியர் வகையாக இருக்க வேண்டும். சபைக் கமிட்டியிடம் புது ஸ்பீக்கர் கேட்பதற்கு முன்னால் இதற்குக் காசு கேளுங்கள்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் வரும். அப்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, ப்ளக்கைக் கழற்ற வேண்டும்.

தகரக் கூரை. மழை பெய்தால் ஒன்றும் கேட்காது. சத்தத்தைக் கூட்டலாமா?

கூட்டினால் ஸ்பீக்கர் கூவும், மழையும் கேட்கும், பாட்டும் கேட்காது. மழை கொட்டும்போது எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டுக்கு மாறுங்கள், கை தட்டிப் பாட வையுங்கள். மேடையைக் கேட்க முடியாதபோது சபை தன்னைத்தானே கேட்டுப் பாடும். சில நாள் அதுதான் அந்த மாதத்தின் நல்ல ஆராதனை.

குழுவுக்குள் சண்டை வந்தால்?

வரும். வராத குழுவை நான் பார்த்ததில்லை. பெரிய உபதேசப் பிரச்சினைகளால் வருவதில்லை. “என் மைக்கைக் குறைத்தது யார்”, “அவளுக்கு மட்டும் இரண்டு பாட்டு”, “எனக்குச் சொல்லாமல் பயிற்சி வைத்தீர்கள்” இவற்றால்தான் வருகிறது.

இன்னொரு சண்டை வெளியே தெரியாது. டவுன் பிள்ளைகள் வீட்டில் கீபோர்ட் இருக்கும், இங்கிலீஷ் பாட்டும் வரும். லயத்துப் பிள்ளை காதால் கேட்டே படித்திருக்கும், கார்டு பெயர் தெரியாது. பயிற்சியில் டவுன் பிள்ளை ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொல்லிச் சிரிக்கும்போது மற்றப் பிள்ளை வாயை மூடிவிடும். அடுத்த வாரம் வராது. கேட்டால் வயிற்று வலி என்பார்கள். தலைவராக இருக்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால் ஒரு வருடத்தில் குழு முழுக்க டவுன் பிள்ளைகள்தான் இருப்பார்கள், எப்படி நடந்தது என்று யாருக்கும் தெரியாது. கார்டு பெயர் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களிடம் இது கட்டாயம்.

திருத்தம் சொல்வதாக இருந்தால் பயிற்சியில் சொல்லுங்கள். ஞாயிறு மேடையில் முகத்தால் சொல்லாதீர்கள், சபை பாட்டை விட்டுவிட்டு உங்கள் முகத்தைத்தான் பார்க்கும். வாட்ஸ்அப் குழுவில் சொல்லவே சொல்லாதீர்கள். மத்தேயு 18இல் இருக்கிற வரிசைதான்: முதலில் தனியாக, பிறகு ஒருவர் இருவரோடு, அதற்குப் பிறகுதான் சபைக்கு. நாம் பெரும்பாலும் கடைசியில் இருந்து ஆரம்பிக்கிறோம். பேசித் தீராதவர்களை அந்த ஞாயிறு மேடையில் இருந்து இறக்கி உட்கார வைப்பதும் உண்டு, இருவரையும் சேர்த்து.

பையன்களும் பெண் பிள்ளைகளும் ஒன்றாகப் பழகுகிறார்கள் என்று அம்மா பயப்படுகிறார். என்ன சொல்வது?

அம்மாவையே ஒரு நாள் பயிற்சிக்குக் கூட்டி வாருங்கள். ஆலயக் கதவு திறந்திருக்கும், பெரியவர் ஒருவராவது உடன் இருப்பார், முடிகிற நேரம் முன்கூட்டியே வீட்டுக்குத் தெரிந்திருக்கும். 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தலைவர் தனியாக இரவில் மெசேஜ் போடுவதில்லை, எல்லாம் குழு வாட்ஸ்அப்பில்தான். யாராவது, அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், உங்களுக்குச் சங்கடமாக நடந்துகொண்டால் நம்புகிற பெரியவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கும் அழைக்கலாம். சபையின் பெயர் கெடும் என்று யாரும் தடுத்தால் கேட்காதீர்கள்.

காதல் வருமா என்றால் வரும். வந்தால் இரண்டு வீட்டுக்கும் தெரிய நடந்துகொள்ளுங்கள். முறிந்துபோனாலும் இருவரும் குழுவில் தொடரலாம், கொஞ்சக் காலம் வேறு வேறு முறையில்.

சா.த., உயர்தரப் பரீட்சை வருகிறது. விலக வேண்டுமா?

விலக வேண்டாம், பரீட்சைக்கு முந்தைய தவணையில் அட்டவணையில் இருந்து பெயரை எடுத்துவிடுவோம். ஞாயிறு வந்து சபையோடு உட்கார்ந்து பாடினால் போதும். ‘ஊழியம் செய்தால் கர்த்தர் பாஸ் பண்ண வைப்பார்’ என்று பிள்ளைகளிடம் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. படிக்கிற நேரத்தில் படிக்க வேண்டும்.

காசு ஏதாவது கிடைக்குமா?

இல்லை. தூரத்துப் பிள்ளைகளுக்கு பஸ் காசு மட்டும் சபை கொடுக்கிறது. கேட்க வெட்கப்பட வேண்டாம்.

சாவு வீட்டுக்கும் குழு போக வேண்டுமா?

போக வேண்டும். ஞாயிறு மேடையைவிட அங்கேதான் நம்மைத் தேடுவார்கள். லயத்து வாசலில் ஸ்பீக்கருக்கும் கீபோர்டுக்கும் இடம் இருக்காது. ஒரு கிட்டார் போதும், அதுவும் இல்லாமல் பாடப் பழகியிருக்க வேண்டும். துக்கத்துக்கு ஏற்ற பழைய பாட்டு ஐந்தாறாவது எல்லாச் சரணத்தோடும் மனப்பாடமாக இருக்கட்டும், இரவில் போன் வெளிச்சத்தில் வரி தேடிக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது. பக்கத்துக் காம்பராக்களில் இந்துக் குடும்பங்கள் இருக்கும். அவர்கள்தான் தண்ணீர் சுமந்து, பந்தல் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த இடத்தில் மற்றவர்களைக் குத்துகிற வரி உள்ள பாட்டை எடுக்காதீர்கள்.

டிசம்பரில் கரோலும் இப்படித்தான். அழைக்கிற எல்லா வீட்டுக்கும் போவோம், சபை வீடு என்று பார்ப்பதில்லை. ஸ்வெட்டரும் டோர்ச்சும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

வெளியே ஸ்பீக்கர் கட்டலாமா? நேரலை போடலாமா?

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்க வேண்டும். 2007இல் உயர் நீதிமன்றம் இட்ட கட்டளையின்படி பொதுவாக இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அதற்கு அனுமதி இல்லை. பரீட்சைக் காலத்தில் அனுமதி கிடைத்தாலும் நாங்கள் கட்டுவதில்லை.

நேரலையில் பாட்டுக்கு உரிமை இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பொதுவாக எழுதியவர் இறந்து 70 வருடம் வரை உரிமை உண்டு. பழைய கீர்த்தனைகளில் பலவற்றுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. புதுப் பாட்டுகளுக்கு அனுமதி கேட்டு எழுதுங்கள். அனுமதி இல்லாவிட்டால் அந்தப் பாட்டின்போது நேரலையை நிறுத்திவிடுங்கள்.

எனக்குக் கொழும்பில் வேலை கிடைத்திருக்கிறது. குழுவை எப்படி விட்டுப் போவது?

மலையகத்தில் எந்த வாலிபர் குழுவும் இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஒரே முகங்களோடு இருப்பதில்லை. கடை வேலை, கார்மென்ட்ஸ், ஹோட்டல், வெளிநாடு, பல்கலைக்கழகம் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி பட வேண்டாம். ஒரு ஆள் போனதும் குழு நின்றுவிட்டால் அது போனவருடைய தப்பு இல்லை, ஆள் தயார் செய்யாமல் இருந்த எங்களுடைய தப்பு. அதனால்தான் கீபோர்ட் வாசிக்கிறவர் பக்கத்தில் எப்போதும் ஒரு தம்பியோ தங்கச்சியோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள்.

போகிறதற்கு முன்னால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்தப் பாட்டு எந்த ஸ்கேல், என்ன வேகம் என்று கொப்பியில் எழுதி வையுங்கள். மிக்ஸரில் எந்த நம்பரில் எது இருக்கிறது என்று டேப் ஒட்டி எழுதுங்கள். சபைப் பேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்டை, பாட்டுக் கோப்புகள் இருக்கிற பென்டிரைவை, அலுமாரிச் சாவியைப் போதகரிடம் கொடுங்கள். உங்கள் இடத்துக்கு வருகிறவர் முதல் இரண்டு ஞாயிறு வாசிக்கும்போது நீங்கள் சபையில் உட்கார்ந்து பாடுங்கள், மேடைப் பக்கம் போகாதீர்கள். தீபாவளிக்கோ கிறிஸ்மஸுக்கோ லீவில் வரும்போது “அண்ணா வந்துட்டார், அவரே வாசிக்கட்டும்” என்று கூப்பிடுவார்கள். அந்த வார அட்டவணையில் யாருடைய பெயர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.